கிட்டார் பாடிய சரணம்

கடைசிச் சரணத்துக்கு வரும்போதெல்லாம் ஏவ்ரிலின் குரல் உடைந்தது. கடலுக்குப் போனவன் திரும்பி வராத கதை; இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரைப் பக்கத்துப் பழைய பாட்டு. துணி உலர்த்தும்போது அவள் அம்மா பாடுவாள். அம்மா இறந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது.

லண்டனில், அவள் பாடும் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு. இந்த ஒரு பாட்டுத்தான் பாக்கி. நாட்டுப்புறப் பாட்டுகளோடு மின்சார கிட்டாரையும் ஆர்கன் வாத்தியத்தையும் சேர்த்து, நடுவழியில் தாளத்தை மாற்றி, கனவில் நடப்பதுபோல நீளமாக வாசிக்கிற குழு அது. டெஸ்மண்ட் கிட்டாரைத் தொட்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

மறுபடியும் அவள் குரல் உடைந்தது.

"என்னால முடியலப்பா. இந்தப் பாட்டையே விட்டுடலாம்" என்றாள்.

டெஸ்மண்ட் அவளருகே வந்து தரையில் உட்கார்ந்தான். "கடைசிச் சரணத்துக்கு முன்னாடியே நிறுத்திக்கோ. மிச்சத்த நான் பாடிக்கறேன்."

"நீயா? நீ பாடினா தெருநாய்கூட நிக்காது."

"வாயால பாடறேன்னு யாரு சொன்னா?"

கிட்டார் ஒலிபெருக்கியின் சத்தத்தை நன்றாகத் தணித்துக்கொண்டான். அவள் நிறுத்திய இடத்தில் கிட்டார் தொடங்கியது. ஊர் ஊராக வேனில் போகையில் அவள் அதை முணுமுணுக்கக் கேட்டவன் அவன். அம்மாவைப் போலவே எந்தச் சொல்லில் இழுப்பாள், எங்கே மூச்சு விடுவாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏவ்ரிலின் உதடுகள் தாமாக அசைந்தன. ஆர்கன் மெல்லச் சேர, பாட்டு அலைபோல எழுந்து அடங்கியது. கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

தட்டு அதிகம் விற்கவில்லை. ஒரு பத்திரிகை மட்டும், குரல் நின்று கிட்டார் தொடரும் இடத்தைத் துணிச்சலான கற்பனை என்று புகழ்ந்தது. பாட முடியாமல் போனதற்கா இந்தப் பேர் என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வசந்தத்தில் டெஸ்மண்டையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். பஸ் ஓட்டுநரான அவள் அப்பா, சீருடையைக்கூடக் கழற்றாமல் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டார். முடிந்ததும் மகள் பக்கம் திரும்பினார்.

"கடைசியில பாடறது யாரும்மா?"

"யாரும் பாடலப்பா. இவனோட கிட்டார்தான்."

தோள்வரை முடி வளர்த்திருந்த டெஸ்மண்டை அவர் அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"உங்கம்மா அந்த எடத்துல மூச்ச இழுப்பா பாரு... அப்படியே இருக்கு." கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பிறகு எழுந்தார். "தம்பி, மீன் பொரிக்கப் போறேன். இருந்து சாப்பிட்டுட்டுப் போ. உருளைக்கிழங்கு தோல் சீவத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அடப்பாவி. சரி, வா."

இருவரும் சமையலறைக்குள் போனார்கள். ஏவ்ரில் மேசைமேல் மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள்.