வரிசைக்குத் திரும்பாத அழைப்பு

தம்பி மறுநாள் காலை ரயிலில் ஊரை விட்டே போகிறான் என்ற செய்தியைச் சின்னவள் கொண்டுவந்தபோது, பெரியக்கா நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் உட்காருவாள். நாற்காலிக்கு முதுகு வைத்திருப்பது மற்றவர்களுக்காக என்பது அவள் எண்ணம்.

"கடையைக் காலி பண்ணிட்டானாம். கண்ணாடி வெட்டற மேசை மட்டும்தான் பாக்கி. மகளோட போய் இருக்கப்போறான், கடல் தாண்டி," என்றாள் சின்னவள். "இன்னிக்கு விட்டா அப்புறம் எப்போ? நாம மூணு பேரும் என்ன சின்னப் பிள்ளைங்களா?"

"நான் கூப்பிடாமலா இருக்கேன்? வாராவாரம் அழைப்பு போகுது. வராதவன் அவன்."

"அக்கா கூப்பிடட்டும், வர்றேன்னுதானே என்கிட்ட சொன்னான்."

"வேற எப்படிக் கூப்பிடணுமாம்? போய்க் காலைப் பிடிக்கணுமா? கூப்பிட்டவனை ரெண்டாந்தடவை கூப்பிடற வழக்கம் நம்ம வீட்டுல இல்லை."

சின்னவள் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். வெளியே மழைக்கு முந்தைய வெளிச்சம் தெருவெல்லாம் பரவிக் கிடந்தது. எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பவைபோல் பச்சையாகத் தெரிந்தன.

அக்காவும் தங்கையும் மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடத்திவந்தது நினைவூட்டும் அலுவலகம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டியவருக்கும், நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டியவருக்கும், மாடித் தொட்டியின் குழாயை மூட வேண்டிய காவலாளிக்கும் குறித்த நேரத்தில் தொலைபேசி அடிக்கும். பதிவு செய்த குரல் சொல்ல வேண்டியதைச் சொல்லும். குரல் பெரியக்காவுடையது. அதற்குப் பின்னால் ஓடும் மென்பொருளும் அவள் எழுதியது.

அந்த மென்பொருளை அவள் ஒரு வீடுபோலவே கட்டியிருந்தாள். செய்ய வேண்டிய வேலைகள் ஒரு வரிசையில் காத்திருக்கும். யாருடைய நேரம் முதலில் வருமோ அவர் முன்னால். மென்பொருளுக்குள்ளேயே வேலையாட்கள் சிலர், அந்த முதல் ஆளின் நேரம் வரும்வரை தூங்குவார்கள், வந்ததும் எழுந்து அழைப்பைப் போடுவார்கள். ஒரே ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அதோடு போய்விடும். திரும்பத் திரும்ப வர வேண்டியது, முடிந்ததும் அடுத்த நேரத்தை வாங்கிக்கொண்டு மறுபடி வரிசையில் போய் உட்காரும். ஒரு வேலைக்காக இன்னொன்று காத்துக் கிடக்காது. ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அதை ஒருதடவைகூட நிறுத்தியதில்லை என்பதைச் சொல்லும்போது பெரியக்காவின் கழுத்து இன்னும் ஒரு விரற்கடை நீளும்.

அந்த வரிசையில் முதன்முதலில் போய் உட்கார்ந்தவை வாடிக்கையாளர்களின் வேலைகள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கான இரண்டு அழைப்புகள். ஒன்று சின்னவளுக்கு, ஒன்று தம்பிக்கு. "மத்தியானம் சாப்பிட வந்துடு. தாமதம் பண்ணாதே." அவ்வளவுதான். பெரியக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் சின்னவளுக்கும் வாராவாரம் தொலைபேசி அடிக்கும். அவளும் சிரித்துக்கொண்டே இறங்கி வருவாள். தம்பி கடையைப் பூட்டிவிட்டு வருவான். நகக்கண்ணில் கண்ணாடித் தூள் மினுங்கும். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. பெரியக்கா அவனுக்கும் தட்டு வைத்துப் பார்த்தாள். பிறகு வைப்பதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. காரணம் இருந்தால் வந்து சொல்ல வேண்டியது அவன் கடமை.

சின்னவள் மறுபடி எட்டிப் பார்த்தாள். "கண் டாக்டர் கிளினிக்லேர்ந்து பேசினாங்க. ஒரு அம்மாவுக்குச் சொட்டு மருந்து அழைப்பு வரவே இல்லையாம். மழை அடிச்ச நாள்லேர்ந்து."

"வராம இருக்காது. அந்த அம்மா தூங்கியிருப்பாங்க."

"ஒரு வாரமாவா?" சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கோவிச்சுக்காதே. இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு பேர் இப்படிச் சொன்னாங்க. நான் அவங்க வேலையைப் புதுசா ஏத்தி விட்டுட்டேன். சரியாப் போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா? 'என் புரோகிராம்ல தப்பா'ன்னு நீ நிமிர்ந்து உட்காருவே. ஏற்கெனவே கூரையை இடிக்கறே."

வேறு நேரமாக இருந்தால் இந்த வாய்க்கொழுப்புக்கு அவள் பதில் கொடுத்திருப்பாள். இப்போது திரைப் பக்கம் திரும்பினாள். எல்லாம் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கும் ஒரு சிவப்பு எழுத்து இல்லை. தவறை மூடி மறைக்கக் கூடாது என்பது அவள் விதி. அதனால் எந்த வேலைக்கும் அவள் மெத்தை விரித்து வைக்கவில்லை. விழுந்தால் சத்தம் கேட்கட்டும் என்று விட்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை. அப்படியானால் யாரும் விழவில்லை.

மழை வந்துவிட்டது. மருந்துக்கடை வாசலின் தகரக் கூரையில் அது ஒரே சீராக விழ, மின்விசிறி அதற்குத் தாளம் போட, பெரியக்காவின் முதுகு வாழ்நாளில் முதல்தடவையாக நாற்காலியைத் தொட்டது.

ஒரு நீண்ட கூடத்தில் நின்றாள். இரு பக்கமும் பெஞ்சுகளில் ஆட்கள். எல்லார் மடியிலும் ஒரு சின்னக் கடிகாரம், பூனைக்குட்டிபோலச் சுருண்டு தூங்குகிறது. வாசலில் வேலையாட்கள் நின்றபடியே உறங்குகிறார்கள். ஒரு கடிகாரம் கண் விழிக்கிறது. அதன் ஆள் எழுகிறார். வேலையாள் அவரைக் கைபிடித்துக் கதவுக்கு அப்பால் கூட்டிப்போகிறான். சற்றுப் பொறுத்து அவர் திரும்பி வந்து, கூடத்தின் வேறொரு இடத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைத் தட்டித் தூங்க வைக்கிறார். எவ்வளவு ஒழுங்கு என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் சின்னவளைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் ஓர் இடம் காலி. யாரும் அதில் நகர்ந்து உட்காரவில்லை.

கூடத்தின் கோடியில் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே மழையில் ஒருவன் நின்றான். கையை இறுக்க மூடி வைத்திருந்தான். தட்டவில்லை. கூப்பிடவில்லை. வேலையாட்கள் அவனைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பெரியக்கா கதவருகே போனாள். "கையில என்ன?" என்றாள். கேட்பதற்காகவே அத்தனை நாள் காத்திருந்தவன்போல அவன் விரல்களைப் பிரித்தான்.

விழித்துக்கொண்டாள். மழை அப்படியேதான் பெய்துகொண்டிருந்தது.

கை தானாக விசைப்பலகைக்குப் போயிற்று. வேலைகளை வரிசையில் ஏற்றிவிடும்போது மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் அடையாளச் சீட்டுபோல ஒரு பிடியைத் திருப்பித் தரும். அந்தப் பிடியிடம் "என்ன ஆயிற்று?" என்று கேட்டால் அது சொல்லும். கேட்காவிட்டால் சொல்லாது. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எதற்குக் கேட்பது, ஒழுங்காக நடக்கிற வீட்டில்? இப்போது எல்லாப் பிடிகளையும் கேட்டாள்.

கிளினிக் அம்மாவினுடையது உடனே சொன்னது: மழையில் தொலைபேசி இணைப்பு செத்துக்கிடந்தது, மறுமுனையில் ஒன்றுமே இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல் விழுந்துவிட்டேன். விழுந்ததை வரிசை திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருமுறை தடுக்கி விழுந்தால் அந்த வேலைக்கு அடுத்த நேரம் கிடையாது, சத்தமும் கிடையாது. பிழை அதன் மூடிய கைக்குள்ளேயே இருந்துவிடும்.

அதற்குக் கீழே இன்னொன்று அதே பதிலைச் சொன்னது. போன மழைக்காலத்தில் விழுந்தது. ஞாயிறு அழைப்பு, தம்பி.

பெரியக்கா எழுந்தாள். "குடை எங்கே?" என்றாள்.

"எதுக்கு?" என்று ஓடி வந்தாள் சின்னவள்.

"அவனுக்கு அழைப்பே போகலை."

சின்னவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வந்துக்கிட்டே இருந்துச்சே!"

"உன்னுது விழலை. அவனுது விழுந்துடுச்சு. வீட்டுக்குப் போய் அடுப்புல ஏதாவது ஏத்து. மூணு பேருக்கு."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையேக்கா."

"தெரியும்."

தம்பியின் கடையில் அலமாரிகள் காலியாக இருந்தன. சுவரில் சாய்த்து வைத்த ஒற்றைக் கண்ணாடிப் பலகையில் தெருவின் மழை தலைகீழாக ஏறுவதுபோல் தெரிந்தது. அவன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். அவனுக்கும் அவளைப்போலவே நேரான முதுகு.

"ஏன் வரலை?" என்றாள். சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்துவிட்டது, இருமி மறைத்தாள்.

"இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?"

"ஆமா. இப்பத்தான்."

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "வாராவாரம் உன் குரல் கேக்கும். பதிவுதான்னு தெரியும். இருந்தாலும் தாமதம் பண்ணாதேன்னு நீ அதட்டறப்போ எனக்குப் பத்து வயசு. ஒருநாள் நின்னுடுச்சு. பதிவு தானா நிக்குமா? நீதான் நிறுத்தினேன்னு நினைச்சேன். கடை வேணாம், என்னோட ஆபீஸ்ல வந்து உட்காருன்னு நீ அப்பவே சொன்னே, நான் கேக்கலை. அதுக்குத்தான்னு."

"அதுக்கா? அதை நான் எப்பவோ மறந்துட்டேன்டா." பொய். மறக்கவில்லை. ஆனால் அவன் மினுங்கும் நகக்கண்ணைப் பார்த்தபோது அது எங்கோ தூரத்தில் இருந்தது. "நான் நிறுத்தலை. மழையில உன் லைன் செத்துப்போச்சு. என் வேலை விழுந்துடுச்சு. விழுந்தது எனக்குத் தெரியலை. நானும் பார்க்கலை."

"உன் புரோகிராமா? விழுந்துச்சா?" அவன் முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "ஊர்ல சொல்லிட்டுப் போறேன், இரு."

"சொல்லேன். யார் வேணாம்னா?"

அவன் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், "டிக்கெட் எடுத்தாச்சுக்கா," என்றான், மெதுவாக.

"போயிட்டு வா. நான் தடுக்க வரலை. சாப்பிடக் கூப்பிட வந்தேன். இப்ப, என்னோட."

"ஞாயிறு இல்லையே?"

"அதுக்கெல்லாம் காத்திருக்க முடியாது. வாடா."

மேசை துடைத்து முடிக்க வேண்டும் என்றான். துடை என்றாள். நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு அங்கிருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்தாள். முக்காலிக்கு முதுகு இல்லை. துணி மேசைமேல் போவதும் வருவதுமாக இருந்தது. ஈரக் கண்ணாடியில் அவனும் அவளும் கலங்கலாகத் தெரிந்தார்கள், ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்போல. நீ அங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவேன், பதிவு இல்லை, நானே பேசுவேன் என்று அவனிடம் சொல்ல நினைத்தாள். சாப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம். அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். தாமதம் பண்ணாதே என்று அவள் அதட்டவில்லை.