மூன்றாவது டக்

கியர்பாக்ஸ் ஏற்றிய அன்று பின்னறையில் இருந்தவர்கள்: பெட்டி. பெட்டியின் அக்கா, பட்டறை அவள் பெயரில் இருப்பதால். அக்காவின் புருஷன், அக்காவின் புருஷன் என்பதால். காரின் சொந்தக்காரரான பல் டாக்டர், வேறு வேலை இல்லாததால். லிஃப்டின் மேல் அந்தக் கார், வயிறு திறந்தபடி.

பெட்டி என்பது பட்டறை வைத்த பெயர். கியர்பாக்ஸை அங்கே பெட்டி என்பார்கள். அவன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். பிரேக் மாற்றுகிறவர்களை அவன் பார்க்கிற பார்வை, செருப்புக்கு ஆணி அடிப்பவனை ஆபரேஷன் டாக்டர் பார்க்கிற பார்வை. அந்தப் பின்னறை அவன் ராஜ்ஜியம். துணி நூல் ஒன்று உள்ளே விழுந்தாலும் வால்வு சிக்கிக்கொள்ளும் என்று யாரையும் நிலைப்படி தாண்ட விடமாட்டான். உண்மைக் காரணம் அது மட்டுமல்ல. மனிதர்களைச் சகிக்க முடியாத ஒருவனுக்குக் கதவுள்ள அறை கிடைத்திருந்தது. அன்று அக்காவே கூட்டி வந்ததால்தான் மற்றவர்கள் உள்ளே இருந்தார்கள்.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. மெத்தைக் கடை நடத்திக் கவிழ்த்த மச்சான் பட்டறைக்குள் நுழைந்திருந்தார். நாலு வீடியோ பார்த்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு, கார்களின் முதுகைத் தட்டிக் கொடுக்கிற ஆள். அக்கா போன வாரமே சொல்லிவிட்டாள்.

"உன் கை தங்கம்டா. வாய்தான் வர்றவனை எல்லாம் விரட்டுது. டாக்டர் காரை ஒரு வம்பும் இல்லாம ஓட்டிக் காட்டு, ரூம் உனக்கே. இல்லைன்னா உன் மச்சான் வெளியாள் ஒருத்தரை வெச்சு நடத்தட்டும்."

"மெத்தை விக்கிறவரா?"

"இந்த வாயத்தான் சொல்றேன்."

டாக்டர் இன்ஜினில் டர்போ ஏற்றிப் பலத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தார். கியர்பாக்ஸ் பழையதுதான். கழுதை முதுகில் லாரிச் சுமை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பந்தய ஓடுபாதையில் நேர்கோட்டில் விரட்டியதில் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகிவிட்டன. முதல் நாள் ஆயிலை வடித்தபோது கருகிய ரொட்டி வாசனை அறை முழுக்க அடித்தது.

"ஆயில் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டிருந்தான் பெட்டி.

"ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு புத்தகத்துல இருந்துதே."

"உங்ககிட்ட வர்றவங்ககிட்ட ஆயுசுக்கும் பல் தேய்க்க வேண்டாம்னு சொல்லி அனுப்புவீங்களா?"

அக்கா இருமினாள். பெட்டி வாயை மூடிக்கொண்டான். அதுவே அவனுக்குப் பெரிய தியாகம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. கூடுதல் கிளட்ச் தட்டுகள் வைத்தான். வால்வுகளுக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டான், கியர் வழுக்காமல் சட்டென்று விழ. சூடு தணிக்கப் பெரிய கூலர் பொருத்தினான். மிச்சமிருந்தது கன்வர்ட்டர். பூசணிக்காய் அளவு இரும்புக் குடம் அது. இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது அதுதான். அதைக் கியர்பாக்ஸின் மூக்கில் மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். உள்ளே ஒவ்வொரு பல்லும் பொருந்தும்போது ஒரு 'டக்'. மூன்று டக் கேட்டால்தான் அது கடைசிப் பகுதியான ஆயில் பம்ப் வரை போய் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு கியர்பாக்ஸ் இன்ஜினோடு கைத் தள்ளலிலேயே சேர்ந்துவிடும். சேராவிட்டால் கழற்று. போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால் பம்ப் நொறுங்கும். இதைப் பெட்டி பட்டறையில் எல்லாருக்கும் ஓதியிருக்கிறான், கேட்காதவர்களுக்கும் சேர்த்து.

அன்று முதல் டக் கேட்டது. இரண்டாவது கேட்டது. அப்போது மச்சான் டாக்டரிடம் ஆரம்பித்தார்.

"இந்தக் கன்வர்ட்டர் இருக்கே, அது காரோட இதயம் மாதிரி."

"இதயம் இல்லை மச்சான்," என்றான் பெட்டி, கன்வர்ட்டரைக் கையால் சுற்றிக்கொண்டே. "இதயம்னா அது பம்ப். இது வேற. தெரியாத இடத்துல தலையணை மாதிரி அமைதியா இருங்க."

டாக்டர் சிரித்தார். சிரிப்பு கிடைத்த சுகத்தில் பெட்டி இன்னும் ரெண்டு சொன்னான், மெத்தைக்கு எத்தனை கியர் என்று. சொல்லி முடித்தபோது கன்வர்ட்டர் கையில் லேசாகச் சுற்றியது. உட்கார்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான். வழக்கமாக ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து ஆழம் பார்ப்பவன், இன்று பார்க்கவில்லை.

ஜாக்கில் ஏற்றி இன்ஜின் பக்கம் தள்ளினான். வந்தது, நின்றது. மச்சான் டார்ச்சோடு அடியில் குனிந்தார்.

"மாப்ள, சுத்தி ஒரு விரல் இடைவெளி தெரியுதே. எறக்கிப் பார்த்துடுவோமா?"

யார் சொல்லியிருந்தாலும் இறக்கியிருப்பான். டாக்டர் சொல்லியிருந்தால்கூட, திட்டிக்கொண்டே இறக்கியிருப்பான். சொன்னது மச்சான். இப்போது இறக்கினால் இந்த ஆள் சாகிற வரை ஒவ்வொரு விருந்திலும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார், 'நான்தான் பார்த்தேன்' என்று.

"பொருத்துற பின்னு டைட்டா இருக்கு, அவ்வளவுதான். உங்க விரல் தடிமன் வேற. நகருங்க."

ஸ்பேனரை எடுத்தான். போல்ட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாக முறுக்கினான். இடைவெளி மெல்ல மூடியது. எங்கோ உள்ளே இரும்பு முனகியது. அடுத்து, கன்வர்ட்டரை இன்ஜின் தட்டோடு சேர்க்க வேண்டும். எப்போதும் அதைச் சற்று முன்னால் இழுத்துத்தான் சேர்ப்பான். இன்று இழுக்க இடமே இல்லை, ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது டக் விழவே இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்போதும் கழற்றியிருக்கலாம். மச்சான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி போல்ட்டைப் போட்டான்.

ஆயில் ஊற்றி இன்ஜினைக் கிளப்பியதும் கியர்பாக்ஸ் ஊளையிட்டது. நாய் வாலை மிதித்தால் வருகிற சத்தம். பிறகு ஒரு கடகடப்பு. பிறகு எதுவும் இல்லை. கியரைப் போட்டால் சக்கரம் அசையவில்லை.

"அணைடா," என்றாள் அக்கா.

ஆயிலை வடித்தார்கள். இளஞ்சிவப்புப் புது ஆயில், அதில் நொறுங்கிய பம்பின் வெள்ளிப் பொடி மினுங்கியது.

"இது நல்லதா?" என்றார் டாக்டர்.

பெட்டி மச்சானைப் பார்த்தான். ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தான். ஒரு சொல் சொன்னால் போதும், பத்து சொல்லித் தீர்த்துவிடலாம். அந்த ஆளோ குப்பைத் துணியை எடுத்துத் தரையில் சிந்திய ஆயிலைத் துடைத்தார். அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

அக்கா டாக்டரை முன்னால் அனுப்பி உட்காரச் சொன்னாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"இடைவெளி இருக்குன்னு அவர் சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துச்சு."

"இழுத்து முறுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்."

"அப்புறம் ஏன்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். கன்வர்ட்டர் பழுது, பம்ப் போலி, எத்தனையோ இருக்கிறது. பொய்க்காக வாயைத் திறப்பதும், தெரியாததை அளக்கிற மச்சான் மாதிரி ஆவதுதான் என்று தோன்றியது.

"அவர் சொன்னாருன்னுதான்."

அக்கா அவனைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பான். புது ஆள் வேலைக்கு வந்தவுடனேயே தேறமாட்டான் என்று முடிவு கட்டுவார்களே, அந்தப் பார்வை. அவன்தான் எல்லாரையும் அப்படிப் பார்ப்பான்.

"முன்னால பிரேக் வேலை ரெண்டு நிக்குது. நாளையில இருந்து அதைப் பாரு. இஷ்டம் இல்லைன்னா வீட்டுல இரு."

"பெட்டியை யாரு பிரிப்பா?"

"ஆள் வருவான்."

"வர்றவனுக்கு இவரு சொல்லிக் கொடுப்பாரா?"

"சொன்னா கேக்கிறவனா பார்த்து வெச்சுக்கறேன்," என்றாள் அக்கா.

பெட்டி கையைத் துடைத்தான். தன் ஸ்பேனர்களை எடுத்துக்கொள்ளத் தோன்றியது. எடுத்தால் ஒரேயடியாகப் போகிறவன் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டான். நிலைப்படியில் மச்சான் ஒதுங்கி வழிவிட்டார், விருந்தாளிக்கு விடுவது போல.

"மாப்ள, டீ சாப்பிட்டுப் போறியா?"

"உங்களுக்கு இன்னும் அந்தக் கார்ல எது முன்பக்கம்னே தெரியாது," என்றான் பெட்டி.

"தெரியாது மாப்ள," என்றார் மச்சான், சண்டைக்கு வராமல்.

பெட்டி வெளியே வந்து நாலடி நடந்தான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே சாவி ஒரு தடவை சிக்கியது, மறுபடி திரும்பியது, பூட்டிக்கொண்டது.