மம்பட்டிக்கு ஒரு நீளக் கட்டை

குவாரி வாசலில் எடை மேடை. பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவனை லாரிக்காரர்கள் மம்பட்டி என்பார்கள், கை அப்படி. பன்னிரண்டு வருடம் கல் ஏற்றிய கை. முதுகில் வட்டு விலகியதும் இந்த நாற்காலிக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து ஒரு மாதமாக வாசலில் லாரிகள் வால் நீண்டு நிற்கின்றன.

மேனேஜர் சொல்லிவிட்டார்: "ஒரு லாரிக்கு ஒரு நிமிஷம். நாளைக்கு நானே நின்னு பார்ப்பேன். முடியலைன்னா பழையபடி கல்லுக்குப் போயிடு."

கல்லுக்குப் போனால் அப்புறம் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் எடை புரோகிராமைச் செய்த கம்பெனியில்தான் அவன் தங்கை வேலை பார்க்கிறாள். அண்ணன் ஏற்றிய கல்தான் அவளுடைய காலேஜ் பீஸ். லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கேமரா, எடை, சீட்டு. மூணு ஜன்னல். கீபோர்டுல கன்ட்ரோல் கட்டையை அமுக்கிக்கிட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு தட்டு. அது அது வந்து நிக்கும். சின்னப் புள்ளகூடச் செய்யும்ணே."

"சின்னப் புள்ளைய உட்கார வை, நான் வீட்டுக்குப் போறேன்."

முதல் லாரி கிளம்பியது. அவன் இடது கை மேசைக்கு அடியில் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. லாரி ஊர்ந்து வெளியேறும்வரை அதை அமுக்கியே இருக்க வேண்டும்; விட்டால் தடுப்புக் கம்பி லாரித் தலையில் விழும். அதற்குள் அடுத்த லாரியின் வேலையைத் தொடங்கியாக வேண்டும். மிச்சமிருந்தது ஒரே கை. கட்டைவிரலைக் கன்ட்ரோலில் ஊன்றி, ஆள்காட்டி விரலை நீட்டினான். அந்த விரல் இரண்டிலும் மூன்றிலும் சேர்ந்தே விழுந்தது. எடை வந்தது, சீட்டு வந்தது, இரண்டும் போயின.

வெளியே ஹாரன். "யோவ் மம்பட்டி, தூங்கிட்டியா?"

"மாமனார் வீட்டுக்கா வந்திருக்க? நில்லுய்யா!"

தங்கை அந்த இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு கையும் சும்மா இருக்கிற ரூம்ல உட்கார்ந்து இதைப் பண்ணிட்டோம்ணே. உன் வேலை எந்த வரிசையில போகும்?"

"கேமராவுல நம்பர், அப்புறம் எடை, அப்புறம் சீட்டு. திரும்பவும் கேமரா. செக்கு மாடுதான்."

"கீபோர்டுல அடியில இருக்கிற இந்த நீளக் கட்டையைத் தொடுவியா?"

"லாரி நம்பர்ல இடைவெளி ஏது? அது சும்மாதான் கெடக்கு."

அரை மணி நேரம் கீபோர்டைத் தட்டிப் புரோகிராமை மாற்றினாள். இப்போது அந்தக் கட்டையைத் தொட்டால் போதும், அடுத்த ஜன்னல் வந்து நிற்கும். எப்போதும் அதே வரிசை. விரலால் தட்டலாம், முஷ்டியாலும் தட்டலாம்.

மறுநாள் மேனேஜர் கைப்பேசியில் நேரம் பார்த்தபடி நின்றார். ஐம்பத்திரண்டு வினாடி. அடுத்தது நாற்பத்தெட்டு. நம்பாமல் குனிந்து, சீட்டில் 'டயர் தேய்ந்துள்ளது' என்று தானே குறிப்பு எழுதப் போனார். முதல் சொல்லை அடித்துக் கட்டையைத் தட்டியதும் சீட்டு மறைந்து கேமரா வந்தது.

"என்னய்யா இது! குறிப்பு எப்படி எழுதுறது?"

"ஒட்டி எழுதிக்கிறேன் சார். லாரியும் ஒட்டித்தான் நிக்குது."

மேனேஜர் வாசலை எட்டிப் பார்த்தார். இரண்டே லாரி. "எப்படியோ எழுது. அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சிடாத" என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

மம்பட்டி முஷ்டியை ஓங்கி ஒரு போடு போட்டான். மேசையிலிருந்த டம்ளர் குதித்தது.

"மெதுவாண்ணே," என்றாள் பக்கத்தில் நின்ற தங்கை. "அது கல்லு இல்ல."