எல்பிடியோ என்ன சொல்றான்?

ஞாயிற்றுக்கிழமை காலையில், தம்பியின் வாயருகே காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நூரிஸுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் காது கேட்காமல் போயிற்று.

"யோகாஸ்தா வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்க்கா," என்றான் எல்பிடியோ.

"என்னடா? புரியலையே."

அவன் மறுபடி சொன்னான். கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே போட்டான்.

"ம்ஹூம், புரியல. குடி, ஆறிப் போகுது."

எல்பிடியோ வாயை இறுக்க மூடிக்கொண்டான். காப்பி தாடையில் வழிந்து சட்டையை நனைத்தது. துடைக்கப் போன கையையும் முகத்தைத் திருப்பித் தள்ளினான். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்தவன் எல்பிடியோ. கால் நிற்காது, கை சொன்ன பேச்சைக் கேட்காது. பேச்சு அவனுக்குள் சரியாகத்தான் கிளம்பும், வெளியே வரும்போது தொண்டையில் உருண்டு யாருக்கும் பிடிபடாத சத்தமாகிவிடும். அறிவில் ஒரு குறையும் இல்லை. அசுவா ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் தெரியாது. அவனை முன்னால் வைத்துக்கொண்டே நூரிஸிடம் திரும்பி, "என்ன சொல்றான்?" என்பார்கள். டாக்டர் கேட்டார், முடிவெட்டுகிறவர் கேட்டார், பெற்ற தாயே சாகும்வரை கேட்டாள். நூரிஸ் பாவாடை கட்டிய வயதிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதல் நற்கருணைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமே, அதற்கும் அவளைத்தான் கூட நிற்க வைத்தார் பங்குச்சாமியார். தம்பி தன் பாவங்களைச் சொன்னான், அக்கா எடுத்துச் சொன்னாள். "என் அக்காவை எனக்குப் பிடிக்கல" என்ற பாவத்தை மட்டும் அப்படியே விழுங்கிவிட்டாள். சாமியாரும் மன்னித்தார், ஆண்டவரும் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்குப் பிடித்த பழக்கம்.

இப்போது அந்த யோகாஸ்தா சாயங்காலம் வருகிறாளாம். "முக்கியமான பேச்சு" என்று மளிகைக்கடை ஃபெல்லோ மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். என்ன முக்கியம்? வறுத்த வாழைக்காய் விற்கிற விதவைக்கு நம் வீட்டில் என்ன முக்கியம்?

நூரிஸுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கிய முற்றத்தையே திரும்பப் பெருக்கினாள். பள்ளிக்கூடச் சீருடை ஒன்றைத் தைக்க உட்கார்ந்து ஊசியை உடைத்தாள். எல்பிடியோவுக்குச் சட்டியின் அடியில் பிடிக்கும் காந்தல் சோறு என்றால் உயிர். அவன் மனதை மாற்ற அதை நன்றாகப் பிடிக்க விடுவோம் என்று விட்டதில் சோறு மொத்தமும் கரியாயிற்று. அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போனது. மின்விசிறி நின்ற வீட்டில் தம்பி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா வாசல்ல? ராஜாவா வரப் போறாரு?"

காலையிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரே புரியவில்லை என்றபோதெல்லாம் சலிக்காமல் பேசியவன்.

எல்லாம் அந்த டோமினோவால், புள்ளி போட்ட காய்களை எண் பொருத்தி அடுக்கும் ஆட்டத்தால் வந்தது. ஃபெல்லோவின் கடை வாசலில், பாதாம் மரத்தடியில் தினமும் ஆட்டம் நடக்கும். எல்பிடியோவை அங்கே கொண்டுபோய் விட்டதே நூரிஸ்தான். தனக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கட்டும் என்று விட்டாள். அவன் கையில் காய் நிற்காது, அதனால் ஃபெல்லோ ஒரு மரத்தாங்கி செய்து கொடுத்தான். காயை எடுத்து மேஜையில் வைக்க ஆள் வேண்டுமே? பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி வைத்திருந்த யோகாஸ்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் அவன் ஐந்து என்றால் ஆறை வைத்தாள். கையிலிருந்த ஆட்டம் போய், மேஜையே எழுந்து அவளைத் திட்டியது. திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டாள். வெறும் எண்களைத்தானே கற்றுக்கொண்டாள் என்று நூரிஸ் நினைத்திருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் வந்துவிட்டார்கள். யோகாஸ்தா இஸ்திரி போட்ட மஞ்சள் கவுன் போட்டிருந்தாள், என்ன வாசனை பூசியும் எண்ணெய் வாடை போகவில்லை. கையில் துணி மூடிய தட்டு. துணைக்கு ஃபெல்லோ, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி தலையை ஈரமாக வாரியிருந்தான்.

நூரிஸ் நாற்காலி போடவில்லை. ஃபெல்லோ தானே இரண்டை எடுத்துப் போட்டான், இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது," என்றாள் யோகாஸ்தா. "அவரை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். சாமியார்கிட்டயும் பேசிட்டேன், முறையாவே செய்யலாம்."

அவர்! எல்பிடியோவுக்கு மரியாதை போட்டு யாரும் பேசி நூரிஸ் கேட்டதில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது.

"காயை எடுத்து வைக்கிற மாதிரின்னு நெனச்சியா? குளிப்பாட்டணும். தூக்கி உக்கார வைக்கணும். ராத்திரியில காலு இழுத்துக்கும், கத்துவான்."

"இடது காலு. முட்டிக்குக் கீழ அழுத்திப் பிடிச்சா விடும். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"யாரைக் கேட்ட?"

"அவரைத்தான்."

ஒரு காலத்தில் நூரிஸையும் பெண் கேட்டு ஒருவன் வந்தான். "இவனையும் கூட்டிட்டா வருவே?" என்று கேட்டான், கதவைச் சாத்தினாள். சாத்திய கதவை இன்றுவரை திறக்கவில்லை. அதற்காக அவள் வருந்தியதும் இல்லை. ஆனால் தம்பி தனக்கென்று ஒரு கதவைத் திறப்பான் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

எல்பிடியோ தலையைத் தூக்கினான். காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது.

"நான் போறேன்க்கா. உன்மேல எனக்குக் கோவம் இல்ல. இத்தனை வருஷமா உனக்குக் குழந்தையா இருந்துட்டேன், அலுத்துப் போச்சு. இவளுக்கு நான் ஆம்பள."

ஃபெல்லோ பழக்கதோஷத்தில் நூரிஸ் பக்கம் திரும்பினான். "என்ன சொல்றான்?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது. இன்னும் தன்னிடம்தான் கேட்கிறார்கள்.

"இங்கயே இருந்துக்கிறேங்கறான். அக்காவை விட்டுட்டு எங்கயும் வரமாட்டானாம்."

யோகாஸ்தா மடியிலிருந்த தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தாள். கோபப்பட்டிருந்தால் நூரிஸுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஒரு சண்டை போட்டு விரட்டியிருக்கலாம்.

"அக்கா, அவரு அப்படிச் சொல்லலியே," என்றாள் மெல்ல. பிறகு அவன் சொன்னதை ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொன்னாள். கோபம் இல்லை, அலுத்துப் போச்சு, ஆம்பள. கடைசிச் சொல்லுக்கு மட்டும் காது சிவந்தது.

எல்பிடியோ கத்துவான் என்று நூரிஸ் எதிர்பார்த்தாள். அவனோ சிரித்தான், நாற்காலியே குலுங்கச் சிரித்தான். சிரிப்போடு சிரிப்பாக ஏதோ சொன்னான்.

"ஆஆயி... கைய்யி... பாஆஸ்!"

ஃபெல்லோ தொடையைத் தட்டிக்கொண்டு வெடித்தான். யோகாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் நீர் வந்தது. நூரிஸ் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. நிஜமாகவே பிடிபடவில்லை.

"என்ன... என்ன சொல்றான்?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் தன் குரலே தன் காதில் விழுந்தது. இத்தனை வருஷம் ஊர் தன்னிடம் கேட்டதைத் தான் இன்னொருத்தியிடம் கேட்டுவிட்டது உறைத்தது.

"ஆட்டத்துல சொல்றதுக்கா," என்றாள் யோகாஸ்தா. "போடறதுக்குக் காய் இருந்தும் ஒளிச்சு வச்சுக்கிட்டு, 'எங்கிட்ட இல்ல, பாஸ்'னு சிலபேரு ஏமாத்துவாங்க. உங்களைச் சொல்றாரு. கையில காயை வச்சுக்கிட்டே அக்கா காலையில இருந்து பாஸ் சொல்லிக்கிட்டிருக்காளாம்."

"எங்க மேஜையில அதுக்கு அபராதம் உண்டு," என்று ஃபெல்லோ சேர்த்துக்கொண்டான்.

எல்பிடியோவின் சிரிப்பு அடங்கியது. அக்காவை நேராகப் பார்த்தான். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னான், அவளுக்காக.

"காப்பி குடுக்கா. இது புரியுதா?"

நூரிஸ் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் கறைபட்ட சட்டையை வெறுங்கையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"புரியுதுடா," என்றாள். "காலையிலயே புரிஞ்சுதுடா."