சுண்டுவிரல் நீளத்து இரும்பு

புவனேசன் வாங்கிய படகு பழசுதான். ஆனாலும் புஞ்சாக் ஆலாம் வீட்டு வாசலில் அது டிரெய்லர்மேல் நின்றபோது தெருவே வந்து பார்த்தது. அதைச் சுங்கை செம்பிலாங் கடற்கரைவரை இழுத்துப்போக, ராவாங்கிலிருந்து அவன் அக்கா புருஷன் கோகிலன் தன் இருபது வருஷத்து ஃபோர் வீல் வண்டியோடு வந்திருந்தான். தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவன். விளக்கம் சொல்லாமல் ஒரு திருகாணியைக்கூட முடுக்கமாட்டான்.

“மாப்ள, படகு இஞ்சின் பின்னால தொங்குது. அப்ப டிரெய்லரோட மூக்கு லேசாயிரும். மூக்கு லேசானா வாலு ஆட்டம் போடும், நம்ம கிழட்டு வண்டியையும் சேர்த்து ஆட்டும். ஐஸ் பெட்டி, பெட்ரோல் டின்னு எல்லாத்தையும் முன்னால தள்ளு.”

புவனேசன் தள்ளினான்.

வண்டியின் பின்புறம் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய இரும்புக் குண்டு ஒன்று உண்டு. டிரெய்லரின் மூக்கு அதன்மேல் தொப்பிபோல் உட்கார்ந்து கவ்விக்கொள்ளும். கவ்வியது திறக்காமலிருக்க ஒரு கைப்பிடி. குலுக்கலில் அந்தக் கைப்பிடி எகிறாமலிருக்க, அதன் துளையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பின்.

“சங்கிலி ரெண்டையும் குறுக்கா மாட்டு. மூக்கு கழண்டாலும் ரோட்டுல குத்தாது, தொட்டில்ல விழுற மாதிரி இதுல விழும்.”

புவனேசன் அப்படியே மாட்டிவிட்டு, பின்னுக்குக் கை நீட்டினான்.

“இத நான் போடறேன். ஒங்கையில குடுத்தா மறந்துட்டு வேடிக்க பாத்துகிட்டு நிப்ப.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். புவனேசனும் சிரித்துவைத்தான்.

“என்னங்க, சூடம் அணையப் போகுது, வாங்க லா! எலுமிச்சம்பழத்த வச்சிட்டு அப்புறம் நோண்டுங்க,” என்று கோகிலனின் மனைவி புஷ்பா கூப்பிட்டாள். கோகிலன் பின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். வண்டிக்கு நாலு டயர், டிரெய்லருக்கு ரெண்டு. ஆறு பழம் வைத்தான். தேங்காய் உடைத்தான். மிச்சக் குங்குமத்தைப் புஷ்பா தாளில் மடித்துக் கொடுத்தாள். அதுவும் அதே பைக்குள் போனது. ஆறு பழமும் நசுங்க, வண்டி கிளம்பியது.

ஜெராமுக்கு முன்னால், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மலாய்க் கிராமத்துச் சாலையில் ஒரு வேகத்தடை. கோகிலன் மெதுவாகத்தான் ஏற்றினான். வண்டி இறங்கியது, டிரெய்லர் ஏறியது, பின்னால் ‘டமார்’ என்று ஒரு சத்தம்.

கோகிலன் பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்தால் படகு பின்கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும். காலை மட்டும் எடுத்தான். வண்டி தானாகத் தளர்ந்து புல்லோரம் நின்றது. டிரெய்லரின் மூக்கு சங்கிலித் தொட்டிலில் கிடந்தது. படகுக்கு ஒன்றுமில்லை.

“கெளம்புறதுக்கு முன்னால பின்ன ஒருவாட்டி பாத்தியா இல்லையா?”

“நீங்கதான மச்சான்…” என்று தொடங்கிய புவனேசன் நிறுத்திக்கொண்டான். “நான் பாத்திருக்கணும். எங்கயாச்சும் விழுந்திருக்கும். தேடறேன்.”

“எதுலதான்டா ஒனக்கு கவனம்? எல்லாத்தையும் அவரே பாக்கணுமா?” என்றாள் புஷ்பா.

ஜாக்கை வைக்கக் குனிந்தபோது கோகிலனின் நெஞ்சில் இரும்பு குத்தியது. சட்டைப்பையைத் தொட்டான். பின். திரும்பிப் பார்த்தான். வெயிலில், வந்த வழியே, காலால் புல்லை விலக்கிக்கொண்டு புவனேசன் போய்க்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவரும் இறங்கி அவனோடு சேர்ந்து தேடினார்.

‘இங்க இருக்கு’ என்று ரெண்டு வார்த்தை போதும். பக்கத்தில் புஷ்பா நின்றாள். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு பின்னை எடுத்துப் புல்லில் நழுவவிட்டான்.

“மாப்ள, இங்க வந்து பாரு! டயர் ஓரமா!”

புவனேசன் ஓடிவந்து எடுத்துவிட்டான். “கெடச்சிருச்சு மச்சான்!” முகமெல்லாம் சந்தோஷம். பெரியவருக்குக் கையசைத்தான். பிறகு உள்ளங்கையைப் பார்த்தான். பின்னில் குங்குமம். அவன் விரலிலும் குங்குமம். மெல்ல நிமிர்ந்தவனின் கண், வியர்வையில் சிவந்து ஊறியிருந்த கோகிலனின் சட்டைப்பையில் நின்றது.

பின்னைக் கால்சட்டையில் துடைத்து நீட்டினான்.

“நீங்களே போடுங்க மச்சான்.”

“இனிமேலாச்சும் ஒழுங்கா இருடா,” என்றாள் புஷ்பா.

கோகிலன் மூக்கை உயர்த்திக் குண்டின்மேல் உட்காரவைத்தான். கைப்பிடியை அழுத்தினான். பின் இரண்டு தடவை துளையைத் தவறவிட்டது. மூன்றாவதில் ஏறியது. குந்தியபடியே, படகைப் பார்த்துச் சொன்னான்: “அவன வையாத புஷ்பா. பின்னு எம் பையிலதான் இருந்துச்சு. இப்ப நான்தான் கீழ போட்டேன்.”

புஷ்பா அவன் சட்டையைப் பார்த்தாள். ஏதாவது திட்டியிருக்கலாம். நேரே போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அதற்கப்புறம் புவனேசன் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, டிரெய்லரையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வேகத்தடை தாண்டியதும் சொன்னான்: “இருக்கு மச்சான்.”

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று கோகிலன் தேடிப் பார்த்தான். இல்லை. சுங்கை செம்பிலாங்வரை இன்னும் எட்டு வேகத்தடை இருந்தது. எட்டுக்கும் அவன் “ம்” என்று மட்டும் சொன்னான்.