ஜவாத்தின் றீல் கத்துகிறது

"பர்ஸான் என்னோட கோவிச்சிட்டான். நாலு நாளாக் கடற்கரையில என்ட பக்கத்துல நிக்கிறானில்ல. அங்கால தள்ளிப் போய்த்தான் தூண்டில் எறியிறான்."

"கோவமுமில்ல ஒண்டுமில்ல. உங்கட றீல் கத்துற கத்தலுக்கு—"

"எந்தக் கத்தல்? முப்பது வருசமா ஒண்டா மீன் புடிச்சவன்—"

"என்னைக் கதைச்சு முடிக்க உடுங்க! கீச்சுக் கீச்செண்டு கத்துது. நேத்து மணல்ல குந்தியிருந்த எனக்கே பல்லுக் கூசிச்சு. நான் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கிறதில்ல, றீலுக்கு மட்டும் வழக்காட வந்துட்டார்!"

பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்த ஜவாத், முற்றத்தில் நின்றபடியே தூண்டில் தடியைத் தூக்கி, நைலோன் நூலான தங்கூசி சுற்றியிருந்த றீலின் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார்.

"கேக்குதா? சொல்லு, கேக்குதா?"

மனைவி சுல்பிகாவுக்குக் கேட்கவில்லைதான். றீல் சத்தமில்லாமல் சுற்றியது.

"கல்முனையில தூண்டில் கடைக்காரனும் இப்பிடித்தான் சுத்திப் பாத்துட்டு, நல்லாத்தான் இரிக்கி எண்டான்."

"வெறுந்தறி கத்துமா?" என்றாள் சுல்பிகா. மருதமுனையில் முப்பத்தைந்து வருடம் தறியில் சாரம் நெய்தவள். "பாவு நூலை இழுத்துக் கட்டி மிதிச்சாத்தான் எந்த மரம் அழுகுதெண்டு விளங்கும். தங்கூசிட நுனியத் தாங்க."

நுனியை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரை போனாள்.

"நான்தான் மீன். இழுங்க."

"என்ன மீனெண்டு சொன்னாத்தானே அதுக்கேத்த மாதிரி இழுக்கலாம்?"

"முப்பத்தாறு வருசமா உங்கட தூண்டில்ல மாட்டிக்கிட்டு நிக்கிற மீன். சுத்துங்க!"

ஜவாத் சிரித்துக்கொண்டே சுற்றினார். கீ...ச்சென்று ஒரு சத்தம். கோழிகள் சிதறி ஓடின. ஜவாத்தின் சிரிப்பு அப்படியே இருந்தது.

"பாத்தியா? ஒண்டுமில்ல."

"பகிடி உடாதீங்க."

அவள் வந்து தங்கூசி சுற்றியிருந்த பகுதியைக் கழற்றிப் பார்த்தாள். அடியில் சிக்கல் எதுவுமில்லை. கைப்பிடியை ஆட்டினாள், இறுக்கமாகத்தான் இருந்தது. கடைசியில் வளைகம்பியின் முனையில் கிடந்த சின்ன உருளையை நகத்தால் தள்ளினாள். தங்கூசி வளைந்து உள்ளே வருவது அதன்மேல்தான். அது அசையவில்லை.

"இது சுத்தவேணும், சுத்துதில்ல. தங்கூசி இதுல உரசித்தான் கத்துது. என்னத்தப் பூசினீங்க?"

"தேங்காயெண்ணெய். ஒவ்வொரு நாளும்."

"தலைக்கு வைக்கிறத்தக் கொண்டுபோய் இதுக்கு வைச்சா? மணலும் உப்பும் சேந்து சட்டியில அடிப்பிடிச்ச தொதல் மாதிரி இறுகிக் கிடக்கு."

வெளியே படிந்திருந்த அழுக்கை மட்டும் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போனாள். "இப்ப இழுங்க பாப்பம்."

முந்தியதைவிடக் கூடுதலாகக் கத்தியது.

"கத்தல் நிண்டிட்டு!" என்றார் ஜவாத். "நீ தொட்ட உடனேயே நிண்டிட்டு. அதுதான் கைராசி எண்டிறது!"

சுல்பிகாவின் கையிலிருந்து தங்கூசி நழுவி விழுந்தது.

"இஞ்சாருங்க... இது உங்களுக்குக் கேக்கல்லயா?"

"எது?"

அவள் உள்ளே போய் ஸ்குறு ட்றைவரும் மண்ணெண்ணெயும் மெசின் எண்ணெயும் எடுத்து வந்தாள். உருளையைக் கழற்றி, ஊறவைத்து, ஊசியால் கறுப்பைச் சுரண்டி எடுத்து, ஒரேயொரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டினாள். இந்த முறை இழுத்தபோது சத்தமேயில்லை. ஓடிய கோழிகளும் திரும்பி வந்து மண்ணைக் கிளறத் தொடங்கின.

"முந்தியும் இப்பிடித்தானே இருந்திச்சு?" என்று கேட்டார் ஜவாத். இப்போது அவர் குரலில் அந்த வீராப்பு இல்லை.

சுல்பிகா போனை எடுத்து, அண்ணன் முறையான பர்ஸானை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவர் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள்.

"பர்ஸான் காக்கா, இவரோட கோவமா?"

"எனக்கென்ன கோவம் தங்கச்சி? றீல் கத்துது, எண்ணெய் போடுடா எண்டு பின்னால நிண்டு ரெண்டு தரம் சொன்னன். திரும்பியே பாக்கல்ல. அவனுக்குத்தான் என்னோட என்னவோ கோவம் எண்டு நான் தள்ளிப் போனன். நாளைக்காவது கதைப்பானா எண்டு கேட்டுச் சொல்லுங்களன்."

"வருவார் காக்கா. பக்கத்துலயே நில்லுங்க."

ஜவாத் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். றீலை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து காதை அதனருகே வைத்து இன்னொரு சுற்றுச் சுற்றினார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சுல்பிகா, அப்ப நீ குசினிக்குள்ள அடுப்படியில இருந்து கூப்பிட்டு நான் வராத நாளெல்லாம், நான் உன்னோட கோவம் எண்டா நினைச்சிக்கிட்டு இருந்தாய்?"