முப்பத்தெட்டாம் எண்

கணினியில் ஒரு பொத்தானை அழுத்துவதற்கு எதற்குடி முதுகலைப் படிப்பு என்று அக்கா ஒருநாள் கேட்டாள். சமூக ஆய்வு முறையியல் என்றால் சும்மாவா என்று அவளுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். அவள் வீட்டில் தங்கிக்கொண்டு, அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு எடுத்த வகுப்பு அது.

விஷயம் இதுதான். எங்கள் பேராசிரியர், மாணவர்கள் வைத்த பெயரில் குலுக்கல் மேடம், ஒரு சலவைக்கூடத்தில் ஆய்வு நடத்த அனுமதி வாங்கியிருந்தார். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் இடம். நாளை எந்த ஷிஃப்ட் என்று அங்கே யாருக்கும் முந்தின நாள் மாலைதான் போனில் செய்தி வரும். ஆட்கள் வேலையை விட்டு ஓடுவதற்கு அதுதான் காரணமோ என்று மேடத்துக்குச் சந்தேகம். அறுபது பேரை எடுத்துக் குலுக்கிப் போட வேண்டும். முப்பது பேருக்கு இரண்டு வாரம் முன்னாலேயே ஷிஃப்ட் பட்டியல் கொடுத்துவிடுவார்கள். மீதி முப்பது பேருக்குப் பழையபடியே. நான்கு மாதம் கழித்து எந்தப் பக்கத்தில் அதிகம் பேர் நின்றுபோயிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குலுக்குவதும் எண்ணுவதும் என் வேலை. அதுதான் என் ஆய்வேடும்கூட.

அந்த வாய்ப்புக்கு வகுப்பில் நான்கு பேர் அடித்துக்கொண்டோம். தேர்வானதும் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். பங்கேற்பாளர்களில் உங்கள் உறவினர் யாரேனும் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. அக்கா அங்கே மடிப்புப் பிரிவில் ஆறு வருடமாக நிற்கிறாள். அறுபது பேரில் அவளும் ஒருத்தி, எண் முப்பத்தெட்டு. உண்டு என்று எழுதினால் என் இடம் போய்விடும். இல்லை என்று டிக் அடித்தேன்.

"கூட்டத்துல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதேக்கா" என்று, சலவைக்கூடத்தில் எல்லாரிடமும் சம்மதம் வாங்கும் கூட்டத்துக்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவைத்தேன். அவளும் காட்டிக்கொள்ளவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, நான் நீட்டிய சம்மதப் படிவத்தில், யாரோ போல, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

குலுக்கலுக்கு முந்தின நாள் அடுப்படியில் நின்றபடி மெல்ல ஆரம்பித்தாள்.

"நாளைக்கு நீதானே குலுக்கப் போற?"

"கம்ப்யூட்டர் குலுக்கும்."

"கம்ப்யூட்டர் முன்னாடி நீதானே உக்காந்திருப்ப. என்னை அந்த முன்கூட்டிப் பட்டியல் பக்கம் போட்டுடேன்."

அவள் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. அவள் மகள் குட்டிக்கு ஐந்து வயது. காதுக்குக் கருவி வைத்து, இப்போதுதான் பேசப் பழகுகிறாள். வாரம் இரண்டு காலை ஒரு மையத்தில் பேச்சுப் பயிற்சி. அம்மா கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டால்தான் வீட்டில் பழக்க முடியும் என்பது அங்கே சட்டம். ஒரு தடவை நான் கூட்டிக்கொண்டு போய், வாசலோடு திரும்பி வந்தேன். அத்தான் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் சாலையில்தான். மூன்று முறை வராவிட்டால் குட்டியின் இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும். இரண்டு முறை ஏற்கெனவே தவறியிருந்தது. ஷிஃப்ட் முன்னாலேயே தெரிந்தால் மாற்றிக்கொள்ள ஆள் பிடித்துவிடலாம்.

"அப்படியெல்லாம் செய்யக் கூடாதுக்கா. எல்லாருக்கும் சம வாய்ப்பு இருக்கணும். அப்பதான் அது ஆராய்ச்சி."

"சம வாய்ப்புன்னா எனக்குக் கிடைச்சிடுமா?"

"கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பாதிக்குப் பாதி."

"சீட்டாட்டம்னு சொல்லு. இதுக்கா ரெண்டு வருஷம் படிக்கிற?"

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. எனக்காக ஒரு பொய்யைச் சுலபமாகச் சொல்லிவிட்டு, அவளுக்காகச் சொல்ல மறுத்ததற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டவள் நான்.

மறுநாள் பொத்தானை அழுத்தினேன். முப்பத்தெட்டு பழையபடிப் பக்கம் விழுந்தது. அறையில் யாரும் இல்லை. இன்னொரு முறை அழுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அழுத்தவில்லை. முடிவைச் சேமித்து, மேடத்துக்கு அனுப்பிவிட்டு, பெரிய தியாகம் செய்துவிட்டவள் மாதிரி கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் மாலையில் போனைப் பார்த்தபடியே இருந்தாள். காலை ஷிஃப்ட் என்று வந்தால் யார் யாரையோ கெஞ்சி மாற்றிக்கொண்டாள். மாற்ற ஆள் கிடைக்காத இரண்டு முறை வேலைக்குப் போகாமலே குட்டியைக் கூட்டிப் போனாள். மேற்பார்வையாளர் எச்சரித்தார். மூன்றாவது முறை அவருக்கே போன் போட்டுப் பேசினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "வர முடிஞ்சா வாம்மா, முடியலேன்னா நின்னுக்கோ" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. மறுநாளும் அவள் குட்டியோடுதான் போனாள். அதற்கடுத்த நாள் சலவைக்கூட வாசலிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை என் அட்டவணையில் முப்பத்தெட்டுக்கு நேராக 'விலகியவர்' என்று நானே பதிந்தேன்.

நான்கு மாதம் முடிந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தபோது பழையபடிப் பக்கத்தில்தான் நிறையப் பேர் நின்றுபோயிருந்தார்கள். ஆனால் வித்தியாசம் தற்செயலாக வந்ததாகவும் இருக்கலாமே, அதை அளக்கவும் ஒரு எண் உண்டு. அந்த எண் புள்ளி பூஜ்யம் ஐந்துக்குக் கீழே வந்தால்தான் ஆய்வு இதழ்கள் கண்டுகொள்ளும். எங்களுக்குப் புள்ளி பூஜ்யம் நான்கு ஏழு. மேடம் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் அவர் யாரையும் தட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

எல்லாரும் போன பிறகு முப்பத்தெட்டை நீக்கிவிட்டு மறுபடி கணக்கைப் போட்டேன். புள்ளி பூஜ்யம் ஐந்து எட்டு. அக்கா வேலை இழந்ததால்தான் எங்களுக்கு முடிவு என்று ஒன்று கிடைத்திருக்கிறது.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனேன். மென்று விழுங்கித்தான் சொன்னேன்.

"மேடம், முப்பத்தெட்டு என் கூடப் பிறந்த அக்கா. படிவத்துல இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். அவங்களை எடுத்துட்டா முடிவு நிக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"குலுக்கல்ல கை வச்சியா?"

"இல்லை மேடம்."

"அப்புறம் என்ன? உங்க அக்காவுக்குச் சாதகமா விழுந்திருந்தா சந்தேகப்படலாம். பாதகமாத்தானே விழுந்திருக்கு." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "இதை வச்சு அந்த நிர்வாகம் இனிமே எல்லாருக்குமே முன்கூட்டிப் பட்டியல் கொடுக்கப் போறாங்க. எத்தனை பேருக்கு நல்லது நடக்குது பாரு. படிவத்தைப் பத்தி நீயும் வாயைத் திறக்காதே, நானும் திறக்கலை."

நான் தலையாட்டினேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆய்வேடு முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

"விலகினவங்க எல்லார்கிட்டயும் ஒரு கேள்வித்தாள் நிரப்பணும். முப்பத்தெட்டை நீயே கேட்டுடு. வேற ஆள் போனா உறவு வெளியே வந்துடும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுத் துணிதான். சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் இனி முன்கூட்டிப் பட்டியல் என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நிஜமாவா? அப்போ என்னைத் திரும்பக் கூப்பிடுவாங்களாடி?"

"அனுப்பினவங்களை மறுபடி எடுக்க மாட்டாங்களாம்க்கா. கேட்டுப் பார்த்தேன்."

"ஓ" என்றாள். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அப்போதாவது நான் பையைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். கேள்வித்தாளை எடுத்தேன். பதில் தடம் மாறினால் கேள்வியை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் திரும்பப் படிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"பணிநேரம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நீங்கள் வேலையில் தொடர்ந்திருப்பீர்களா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இதை நீ என்கிட்ட கேக்கணுமா?"

"பணிநேரம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நீங்கள் வேலையில் தொடர்ந்திருப்பீர்களா?"

கையிலிருந்த துண்டை அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு, "ஆமா" என்றாள்.

ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி.

"வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?"

"ஆராய்ச்சிக்காரங்ககிட்ட சொல்ல ஒண்ணுமில்ல" என்று துணிகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். "என் தங்கச்சி எப்பவாவது வந்தா அவகிட்ட சொல்லிக்கிறேன்."

கருத்து எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.